காடு கூடுகிறதாம், மரம் மட்டும் ஏன் கப்பலில் வருகிறது?

கேள்வி இது: ‘இந்தியாவில் காடும் மரமும் சேர்ந்து நாட்டின் பரப்பில் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டதாக அரசு அறிக்கை சொல்கிறது. பிறகு ஏன் தூத்துக்குடியில் வெளிநாட்டுத் தேக்கு இறங்குகிறது? இருக்கிற மரத்தை ஒழுங்காக எண்ணி, வருஷா வருஷம் வளர்கிற அளவை மட்டும் வெட்டிக்கொண்டால் காடும் அழியாது, மரமும் கிடைக்குமே?’

நியாயமான கேள்வி. வளர்வதை மட்டும் வெட்டு என்ற யோசனைக்கு 300 வயது ஆகிறது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்களை நிர்வகித்த கார்லோவிட்ஸ், உலைக்கு விறகு தீர்ந்துபோகும் பயத்தில் 1713இல் இதைத்தான் எழுதினார். சிக்கல் யோசனையில் இல்லை, ‘எண்ணி’ என்று ஒரே சொல்லில் நீங்கள் கடந்துபோன இடத்தில் இருக்கிறது. நான் சில வருஷம் மர அளவைக் குழுவில் டேப் பிடித்தவன். பிறகு ஒரு ஆலைக்கு மரம் வாங்கித் தரும் வேலைக்குப் போனேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 25 சதவீதம். டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வன நிலை அறிக்கை வெளியிடுகிறது. 2024 டிசம்பரில் வந்த 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி காடும் மரமும் சேர்ந்து 8,27,357 சதுர கிலோமீட்டர், அதாவது 25.17 சதவீதம். அதில் காடு 21.76, காட்டுக்கு வெளியே சிதறி நிற்கும் மரங்கள் 3.41.

இங்கே ‘காடு’ என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், மேலிருந்து பார்த்தால் அதில் குறைந்தது 10 சதவீதம் இலைக் கூரை. அவ்வளவுதான். நிலம் யாருடையது, என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. ஆகவே பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் காடு, கிருஷ்ணகிரி மாந்தோப்பும் காடு, முண்டந்துறைப் புலிக்காடும் காடு. செயற்கைக்கோளுக்குத் தெரிவது பச்சை. அந்தப் பச்சைக்கடியில் கதவு நிலைக்கு ஆகிற மரம் நிற்கிறதா, இளநீர் தொங்குகிறதா என்று அதற்குத் தெரியாது. இதை ஏமாற்று வேலை என்று சிலர் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலம் பச்சையாக இருக்கிறதா என்று கேட்பவருக்கு அது சரியான பதில். மரம் கிடைக்குமா என்று கேட்பவருக்கு அது பதிலே இல்லை.

ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். 200 ஏக்கர் ஏரி என்றால் தண்ணீர் எவ்வளவு என்று யாராவது சொல்ல முடியுமா? வண்டல் எவ்வளவு மேவியிருக்கிறது என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். காட்டிலும் பரப்பை விட்டு இறங்கி, நிற்கிற மரத்தின் கன அளவைப் பிடிக்க வேண்டும். தேசிய வனக் கணக்கெடுப்பு என்று உலகம் முழுக்கச் சொல்வது இந்த இறங்கிப் பார்க்கிற வேலையைத்தான்.

எல்லா மரத்தையும் எண்ண முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மாதிரிப் புள்ளிகளை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பானையில் சோறு ஒரே மாதிரி வெந்திருக்கும், காடு அப்படி வேகாது. மேற்குச் சரிவில் அடர்ந்து நிற்பது கிழக்குச் சரிவில் முள்புதராகிவிடும். அதனால் எந்தப் பருக்கையை எடுப்பது என்பதை எடுப்பவர் கையில் விடக்கூடாது. வரைபடத்தில் கட்டம் போட்டு, புள்ளியை முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிடுவார்கள். இந்தியாவில் முன்பு ஒவ்வொரு சுற்றுக்கும் 60 மாவட்டங்கள் போலத் தேர்ந்தெடுத்து அளந்தார்கள். 2016க்குப் பிறகு நாடு முழுவதையும் 5 கி.மீ.க்கு 5 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து அளக்கும் முறைக்கு மாறினார்கள்.

கேட்பதற்கு எளிது. சத்தியமங்கலத்துக்கு மேலே ஒரு சரிவில் எங்களுக்கு வந்த புள்ளி, ஆள் உயரத்துக்கு மண்டிய உண்ணிச்செடிப் புதருக்கு நடுவே விழுந்தது. ஜிபிஎஸ் அங்கேதான் காட்டுகிறது. பதினைந்தடி தள்ளி நல்ல வேங்கையும் வெக்காலியும் நிற்கின்றன, நிழலும் இருக்கிறது. குழுவில் இருந்த இளைஞன், “கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமா சார்? யாருக்குத் தெரியப்போகுது?” என்றான். எங்கள் மூத்தவர் அரிவாளை எடுத்துப் புதரை வெட்ட ஆரம்பித்தார். அன்று அந்தப் புள்ளியில் கிடைத்தது மொத்தம் மூன்று மரம். அந்த மூன்றுதான் சரியான எண். எல்லாக் குழுவும் பதினைந்தடி தள்ளிப்போனால், நாட்டில் இல்லாத வேங்கை காகிதத்தில் முளைத்துவிடும்.

அளவெடுப்பதிலும் இப்படி நூறு சின்னச் சின்ன விஷயங்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். சரிவில் மரம் நின்றால் மேட்டுப் பக்கம் நின்று அந்த உயரத்தைப் பிடிக்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நின்றால் மரம் பெருத்துவிடும். 10 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் கீழே இருப்பதை விட்டுவிடலாம். அதாவது டேப்பில் 31.4க்குக் கீழே காட்டினால் அடுத்த மரத்துக்குப் போகலாம். டேப் முறுக்கிக்கொண்டாலோ, கொடி ஒன்று அடியில் மாட்டிக்கொண்டாலோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போய்விடும். கன அளவில் சுற்றளவு இரண்டு தடவை பெருக்கப்படுவதால் அந்தப் பிழையும் இரட்டிப்பாகும். அளந்த மரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு, இல்லையென்றால் சுற்றி வருகிறவர் அதையே மறுபடி எண்ணுவார்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த படம் ஒன்று உண்டு. 1856இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் டீட்ரிக் பிராண்டிஸ் யானை மேல் உட்கார்ந்து போகிறார். ஒரு கையில் நான்கு மூங்கில் குச்சிகள், மறு கையில் பேனாக்கத்தி. பருமனில் நான்கு வகுப்பு, வகுப்புக்கு ஒரு குச்சி. வழியில் தேக்கு தெரிந்தால் அதன் பருமனுக்குரிய குச்சியில் ஒரு வெட்டு. சாயங்காலம் முகாமில் இறங்கியதும் வெட்டுகளை எண்ணி ஏட்டில் ஏற்றுவார். பிற்காலத்தில் அவரிடம் பாடம் கேட்ட அமெரிக்க வனவியலாளர் கிஃபோர்ட் பின்ஷோ இதைப் பதிவுசெய்திருக்கிறார். அந்தக் குச்சிக் கணக்கை வைத்துத்தான், முதல் வகுப்பு மரம் வருஷத்துக்கு எத்தனை விழலாம், அந்த இடத்துக்கு இரண்டாம் வகுப்பு எப்போது வளர்ந்து வரும் என்று பிராண்டிஸ் வரம்பு கட்டினார். மரத்தின் மொத்தத்தை மட்டும் எண்ணாமல் பருமன் வாரியாக எண்ணினார் பாருங்கள், கெட்டிக்காரத்தனம் அங்கேதான். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

நாடு முழுவதையும் ஒரே முறையில் அளந்து பார்த்த முதல் நாடுகள் வடக்கில் இருக்கின்றன. நார்வே 1919, ஃபின்லாந்து 1921, ஸ்வீடன் 1923. ஃபின்லாந்து அப்போதுதான் விடுதலை அடைந்திருந்தது. அறுவை ஆலைகள் காட்டைத் தின்று தீர்க்கின்றனவா என்ற பயம். இல்வெசலோ என்ற வனவியலாளர் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்குக் கோடுகள் போட்டு, பெரும்பாலான பகுதிகளில் கோட்டுக்குக் கோடு 26 கி.மீ. இடைவெளி விட்டு, ஆட்களை நேராக நடக்கவைத்தார். நான்கு வருஷத்தில் நாடு அளக்கப்பட்டுவிட்டது. அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. இப்போது அங்கே நிற்கும் மரம் சுமார் 250 கோடி கன மீட்டர்; நூறு வருஷம் வெட்டிக்கொண்டே இருந்தும் அன்றைக்கு இருந்ததைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்.

‘பார்த்தீர்களா, முடிகிறதே’ என்பீர்கள். முடியும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அண்மைச் சுற்றில் ஃபின்லாந்தின் ஆண்டு வளர்ச்சி 10 கோடியே 30 லட்சம் கன மீட்டராக இறங்கியது. அதற்கு முந்தைய சுற்றைவிடக் குறைவு. ஊசியிலைப் பைன் முன்போல வளரவில்லை. 2022இல் ரஷ்ய மரம் வருவது நின்றது. அடுத்த வருஷம் கெமி நகரத்தில் வருஷத்துக்கு 76 லட்சம் கன மீட்டர் மரம் கேட்கும் பெரிய காகிதக் கூழ் ஆலை திறந்தது. கரியமில வாயுவை உறிஞ்சி நாட்டுக் கணக்கைச் சரிக்கட்டிவந்த நிலத்துறை (காடும் மற்ற நிலப் பயன்பாடும்), 2021ஆம் ஆண்டுக் கணக்கில் வாயுவை வெளியிடும் பக்கம் சாய்ந்துவிட்டதாக வந்தது. நூறு வருஷம் அளந்து பழகிய நாட்டிலேயே வளர்ச்சிக்கும் வெட்டுக்கும் இருந்த இடைவெளி சில வருஷங்களில் இப்படிச் சுருங்கியது. அளந்துகொண்டே இருந்ததால் அது கண்ணில் பட்டது என்பதுதான் அவர்களுக்கு மிச்சம்.

இனி அந்த ‘வளர்வதை மட்டும் வெட்டு’. வங்கியில் முதலைத் தொடாமல் வட்டியில் சாப்பிடுவதுபோல என்று எல்லோரும் சொல்வார்கள். வங்கியில் வட்டி தனியாக வரும், கையில் எடுக்கலாம். மரத்தில் அது முடியுமா? இந்த வருஷம் ஏறிய வளையத்தை மட்டும் உரித்து எடுக்க வழி கிடையாது. ஒரு மரத்தின் வட்டியை எடுக்க இன்னொரு மரத்தை முழுதாக வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்பது வயதைப் பொறுத்தது. அதனால்தான் பிராண்டிஸுக்கு நான்கு குச்சி தேவைப்பட்டது.

நாலு ஏக்கர் சவுக்கு வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். நாலு வருஷத்தில் வெட்டுகிற பயிர். வருஷத்துக்கு ஒரு ஏக்கராக நட்டிருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு வயதில் ஒவ்வொரு ஏக்கர் நிற்கும். வருஷா வருஷம் ஒரு ஏக்கர் வெட்டி, அதே இடத்தில் கன்று வைத்தால் காலத்துக்கும் ஓடும். இப்படி வயது வரிசையாக அமைந்த காட்டில் நிற்கும் இருப்பை இரண்டால் பெருக்கி வெட்டுச்சுற்று வருஷத்தால் (நட்டதிலிருந்து வெட்டும் வரை ஆகும் வருஷம்) வகுத்தால் ஆண்டு வெட்டு வந்துவிடும். பழைய வனத்துறைச் செயல்திட்டங்களில் இந்தச் சூத்திரத்தைப் பார்க்கலாம். 10,000 கன மீட்டர் இருப்பு, 50 வருஷச் சுற்று என்றால் வருஷத்துக்கு 400 கன மீட்டர்.

நாலு ஏக்கரையும் ஒரே ஆடிப்பட்டத்தில் நட்டவருக்கு இந்தச் சூத்திரம் ஒன்றுக்கும் உதவாது. மூன்று வருஷம் கையில் ஒன்றுமில்லை, நாலாவது வருஷம் எல்லாம் ஒரேயடியாக. மொத்த இருப்பும் சராசரி வளர்ச்சியும் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியலாம்; ஒருவருக்கு வருஷாவருஷம் வருமானம், இன்னொருவருக்கு வறட்சியும் வெள்ளமும். நம் நாட்டு மரக் கணக்கில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான். இருப்பு தெரிகிறது, வயது தெரியவில்லை.

இந்திய எண்களுக்கு வருவோம். 2023 அறிக்கைப்படி நிற்கும் மரம் 643 கோடி கன மீட்டர். அதில் 447.9 கோடி காட்டுக்குள், 195.1 கோடி வெளியே. அதாவது நூற்றுக்கு எழுபது காட்டில் நிற்கிறது. வெட்டி வருவது எங்கிருந்து? 2011 அறிக்கையில் அதே நிறுவனம் ஒரு மதிப்பீடு கொடுத்தது. காடுகளிலிருந்து வருஷத்துக்கு வரும் மரம் 31.75 லட்சம் கன மீட்டர். காட்டுக்கு வெளியே கிடைக்கக்கூடியது 4 கோடியே 27 லட்சம். நூற்றுக்கு ஏழு கூட காட்டிலிருந்து இல்லை. ‘காட்டில் வளர்வதை வெட்டிக்கொள்ளலாமே’ என்ற உங்கள் யோசனை இங்கேதான் கழன்றுபோகிறது. நாம் காட்டிலிருந்து மரம் எடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்தியே விட்டோம்.

அது தானாக நடக்கவில்லை. 1988 தேசிய வனக் கொள்கை, ஆலைகளுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு நேரடியாக உறவு வைத்து வளர்த்துக்கொள்ளுங்கள், இயற்கைக் காட்டை நம்பி வராதீர்கள் என்று சொன்னது. அடுத்து 1996 டிசம்பர் 12. கூடலூர்ப் பக்கம் ஜன்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களின் காடுகளில் மரம் விழுவதைப் பார்த்துப் பொறுக்காமல், நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போயிருந்தார். நீலகிரியின் ஒரு மூலையில் தொடங்கிய அந்த வழக்கில் வந்த இடைக்கால உத்தரவு நாடு முழுவதையும் புரட்டிப்போட்டது. அகராதியில் காடு என்றால் என்ன பொருளோ அதுதான் காடு. மத்திய அரசு ஏற்ற செயல்திட்டம் இல்லாமல் அங்கே மரம் வெட்டக்கூடாது. வடகிழக்கில் ஒட்டுப்பலகை ஆலைகள் மூடின. ஹரியானாவின் யமுனாநகரில் பாப்ளர் மரத்தை வைத்தும், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரத்தை வைத்தும் தொழில் பெருகியது. இரண்டுமே விவசாயி நிலத்து மரம்.

எனக்கு அந்த உத்தரவில் வருத்தம் கிடையாது. அது இல்லாவிட்டால் கூடலூரில் இன்று என்ன நின்றிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் மரத்தின் தேவை உத்தரவுக்குக் கட்டுப்படாது. கதவும் கட்டிலும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளூரில் கிடைக்காதது மியான்மரிலிருந்து உருட்டுக் கட்டையாக வந்தது. 2014 ஏப்ரலில் மியான்மர் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியதும் ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காத் தேக்கு, நியூசிலாந்து பைன் என்று கப்பல் திசை மாறியது. நம் காட்டின் மேல் இருந்த பாரத்தில் ஒரு பங்கு இன்னொருவர் காட்டுக்குப் போயிருக்கிறது. தூத்துக்குடி பற்றிய உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்.

சரி, காட்டுக்கு வெளியே 195 கோடி கன மீட்டர் நிற்கிறதே, அதில் வருஷத்துக்கு 9 கோடியே 15 லட்சம் கிடைக்கும் என்று 2023 அறிக்கை சொல்கிறதே? அது எடைமேடையில் ஏறிய மரம் இல்லை. நிற்கும் இருப்பிலிருந்து கணக்குப் போட்டு, ‘கிடைக்கக்கூடும்’ என்று சொல்கிற எண். வெளியே நிற்கும் மரங்களில் கன அளவில் அறிக்கைக்கு அறிக்கை முதலிடத்தில் வருவது எது தெரியுமா? மாமரம். காய்க்கிற மாமரத்தை யார் வெட்டக் கொடுப்பார்கள்? கோயில் அரசு, களத்து மேட்டு வேம்பு, வரப்புப் பனை, பாகம் பிரியாத அண்ணன் தம்பி நிலத்துத் தேக்கு. எல்லாமே இருப்பில் உண்டு, சந்தையில் கிடையாது. வளர்ச்சிக்கும் வரத்துக்கும் நடுவே ஒரு மனுஷன் நிற்கிறான், அவனுக்கென்று காரணங்கள் இருக்கின்றன. மகள் கல்யாணம் வந்தால் இருபது வருஷத் தேக்கு விலை பார்க்காமல் போகும். பணமுடை இல்லாவிட்டால் என்ன விலை கொடுத்தாலும் போகாது.

விற்க வந்தவருக்கும் கணக்கு நேராக இல்லை. ஊரில் தேக்கை அளக்கும் முறையைப் பாருங்கள். நடுச்சுற்றளவை நாலாக மடித்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் மடித்த அளவு 12 அங்குலம், அதாவது ஓர் அடி. ஒன்று தரம் ஒன்று தரம் பத்து, 10 கன அடி. வட்டத்தின் உண்மையான கணக்குப்படி அந்தக் கட்டையில் 12.73 கன அடி இருக்கிறது. நூற்றுக்கு இருபத்தொன்றரை அளக்கும்போதே கழிந்துவிடுகிறது. உருண்டைக் கட்டையைச் சதுரமாக அறுக்கும்போது போகிற சிதைவுக்கு இது ஈடு என்பார்கள். அந்த நியாயம் இருக்கட்டும், வரலாற்று வழக்கமும் கூட. ஆனால் கணக்கெடுப்பின் கன மீட்டரையும் மரவாடியின் கன அடியையும் அப்படியே 35.3 என்று மாற்றிப் போட்டு, ‘மரம் எங்கே போனது’ என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காகித மரத்தில் அளவு இன்னும் வழுக்கும், ஏனென்றால் அங்கே கன அடி இல்லை, டன். தைலமரத்தில் வெட்டிய அன்று எடையில் பாதிக்கு நெருக்கமாகத் தண்ணீர்தான். நான் வாங்கித் தந்த ஆலையின் வாசலில் ஒரு சித்திரை மாதம் லாரிகள் இரண்டு நாள் வரிசையில் நின்றன. ஊர் எடைமேடையில் 16 டன் காட்டிய வண்டி உள்ளே போகும்போது 15க்குக் கீழே. மரம் கொடுத்த பெரியவர் என் சட்டையைப் பிடிக்காத குறை. “தம்பி, என் கட்டையை யார் கடிச்சுத் தின்னது?” என்றார். வெயில் தின்றது. நஷ்டம் அவர் தலையில் விழுந்தது. அந்தத் தடவையோடு அவர் மரத்தை விட்டுவிட்டு மணிலாவுக்கு, அதாவது நிலக்கடலைக்கு மாறினார். அவர் கைவிட்ட மூன்று ஏக்கர் தோப்பு அறிக்கையில் எப்போது குறையும்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: விலை ஏறிய பிறகு.

இதுதான் பண்ணை மரத்தின் சாபம். விலை ஏறினால் ஊரே நடுகிறது. நாலு வருஷம் கழித்து ஊரே வெட்டுகிறது. விலை விழுகிறது, வேரைப் பிடுங்கிவிட்டு நெல்லோ மணிலாவோ போடுகிறார்கள். மறுபடி தட்டுப்பாடு. 1980களின் கடைசியில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் தைலமரத்துக்கு இது நடந்தது, 2000களின் தொடக்கத்தில் பாப்ளருக்கு நடந்தது. கடலூர், விழுப்புரம் கடலோரத்தில் சவுக்குக்கு எத்தனை தடவை நடந்தது என்று அங்கே எந்தத் தோப்புக்காரரைக் கேட்டாலும் விரல் மடக்கிச் சொல்வார். நடுவில் புயல் வேறு. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்தபோது பலாவும் முந்திரியும் சவுக்கும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. நின்றிருந்தால் பல வருஷம் பிரிந்து சந்தைக்கு வந்திருக்கும் மரம் அத்தனையும் ஒரே வாரத்தில் விறகாகப் போனது. ஐந்து வருஷத்தில் ஒரு சுற்று முடிக்கும் கணக்கெடுப்பு, நாலு வருஷத்தில் பிறந்து வளர்ந்து வெட்டுப்படும் பயிரை எப்படிப் பிடிக்கும்? ஆள் வருவதற்குள் தோப்பு போய்விடும்.

தேவைப் பக்கத்தைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். மரம் என்றதும் கதவு, கட்டில், காகிதம் நினைவுக்கு வரும். எடையில் பெரியது விறகு. அதே 2011 அறிக்கையில் நாட்டின் ஆண்டு விறகுச் செலவு 21.6 கோடி டன், அதில் சுமார் 5.9 கோடி டன் காட்டிலிருந்து. காட்டிலிருந்து அதிகாரபூர்வமாக வரும் மரத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். தலைச்சுமையில் போகும் சுள்ளி எந்த எடைமேடையிலும் ஏறுவதில்லை. தமிழ்நாட்டில் இந்தப் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்கியது நாம் எல்லோரும் திட்டும் சீமைக் கருவேலம். ராமநாதபுரத்துக் கரிமூட்டம் அதில்தான் எரிகிறது. நிலத்தடி நீர் பற்றிய வாதம் வேறு பஞ்சாயத்து; அதை ஒழித்தால் அந்த விறகுக்கு எங்கே போவது என்ற கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது மட்டும் என் கட்சி.

மரத் தேவையைக் குறைப்பதும் வரத்தைக் கூட்டுவதுபோலத்தான். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984இல் ஓட ஆரம்பித்த தமிழ்நாடு காகித ஆலை அதற்கு நல்ல சான்று. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம். சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கு மாற்று எரிபொருள் ஏற்பாடு செய்து கொடுத்துச் சக்கையை வாங்கினார்கள். ஆனால் மழை பொய்த்துக் கரும்பு குறையும் வருஷம் சக்கை குறைகிறது, அந்தப் பாரம் அப்படியே மரத்தின் மேல் இறங்குகிறது. 2004 வாக்கில் விவசாயிகளோடு ஒப்பந்தத் தோப்பு தொடங்கியதற்குக் கணக்கு இதுதான். முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையை வெட்டிக் கூழுக்கு எடுத்துக்கொள்ள அரசு விட்டதும் நல்ல யோசனை. களை எடுத்த மாதிரியும் ஆச்சு, கொஞ்சம் கட்டையும் ஆச்சு. அது தீர்ந்துபோக வேண்டிய வரத்து, அதை நம்பி இயந்திரம் வாங்கக்கூடாது.

ஆக, நீங்கள் கேட்ட சமநிலைக்கு என்ன வேண்டும்? காட்டுக்குள் புள்ளிகளைக் கூட்டுவது நல்லதுதான், ஆனால் பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு புள்ளி வேண்டும். அவ்வளவு ஆளும் பணமும் மாவட்டம் மாவட்டமாகச் செலவழிக்க எந்த அரசாலும் முடியாது. அதில் ஒரு பங்கைக் காட்டுக்கு வெளியே, பண்ணை மரத்தின் வயதைக் கண்டுபிடிக்கச் செலவழித்தால் போதும். அது அவ்வளவு கடினமும் இல்லை. இன்று தோப்புகளில் பெரும்பகுதி நாற்றுப் பண்ணையில் வாங்கிய கன்று. எந்த மாவட்டத்துக்கு எந்த வருஷம் எத்தனை லட்சம் சவுக்குக் கன்று, எத்தனை மலைவேம்பு போனது என்று விற்றவரிடம் சீட்டு இருக்கிறது. வெளியே போனது ஆலைகளின் எடைமேடையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் போட்டால் நாலு வருஷத்துக்குப் பின் வரும் வெள்ளமும் வறட்சியும் இப்போதே தெரிந்துவிடும்.

மரக்காணம் சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு சவுக்குக்காரர் இதைப் பல வருஷமாகச் செய்துவருகிறார். வைகாசியில் பைக்கை எடுத்துக்கொண்டு மூன்று நாற்றுப் பண்ணைக்குப் போவார். எதுவும் வாங்க மாட்டார், டீ குடித்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பார். “கன்னு இல்லீங்க, ஆடி வரைக்கும் புக்கிங் முடிஞ்சிடுச்சு” என்று மூன்று இடத்திலும் சொன்னால் திரும்பி வந்து மணிலா விதைக்கு ஏற்பாடு பண்ணுவார். பாத்தியில் கன்று விற்காமல் நீண்டு கிடந்தால் அந்த வருஷம் இரண்டு ஏக்கர் சவுக்கு.